நேபாளப் பயணமும் ஆச்சியின் கண் மருந்தும்

குழு: வாத்தியார் வீடு

[காலை 6.10] டேனியல்: அனைவருக்கும் ஸ்தோத்திரம். மே 8 ஆம் தேதி முதல் 20 ஆம் தேதி வரை நாங்கள் நால்வரும் ஊழியப் பயணமாக நேபாளத்தின் தாதிங் மாவட்டத்துக்குப் போவதாக இருக்கிறோம். ஷீலாவோடு செவிலியர் பயிற்சி படித்த தோழியின் கணவர் அங்கே ஒரு மலைக்கிராமத்தில் சபை நடத்துகிறார். ஞாயிற்றுக்கிழமைக்குள் டிக்கெட் எடுத்தாக வேண்டும். அதற்கு முன் அந்தப் பதின்மூன்று நாளும் அம்மா யார் வீட்டில் இருப்பார்கள் என்பது முடிவாக வேண்டும். கண் அறுவை சிகிச்சைக்குப் பின் சொட்டு மருந்து போட்டுக்கொண்டிருக்கிறோம் என்பது உங்களுக்குத் தெரியும்.

[6.14] ரூபன்: ஓகே.

[6.15] ஜெபராஜ்: ரூபன், பத்து ரூபாய் மிஷனரி உண்டியலில் போடவும்.

[6.16] கிரேஸ்: அப்பா இருந்திருந்தால் இருபது கேட்டிருப்பார்கள். முழு வாக்கியமாக எழுதத் தெரியாதவனுக்குச் சோறு கிடையாது என்பார்கள்.

[6.41] ஜெபராஜ்: தம்பியின் செய்தியைப் படித்ததும் உள்ளம் நிறைந்தது. நம் திருநெல்வேலி மண்ணுக்கு இது புதிதன்று. வெள்ளாளன்விளையில் பிறந்து பிற்காலத்தில் பேராயரான அசரியா அவர்கள் யாழ்ப்பாணத்துக்குப் போயிருந்தபோது, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தச் செலவில் நம் கரையோரத்துத் தொண்டிக்கு ஊழியரை அனுப்பியிருப்பதைக் கண்டு, நமக்கு அப்படி ஒன்று இல்லையே என்று வெட்கப்பட்டுத் திரும்பிய பிறகுதான், 1903 இல் இந்திய மிஷனரி சங்கம் நம் பாளையங்கோட்டையில் தொடங்கியது. உலையில் அரிசி போடும்போதெல்லாம் நம் அம்மா ஒரு பிடி எடுத்துத் தனித் தகர டப்பாவில் போட்டது அந்தச் சங்கத்துக்காகத்தான். நேபாளத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நேபாளி வேதாகமத்தை மொழிபெயர்த்தவர்களில் முதன்மையானவராகிய கங்கா பிரசாத் பிரதான், டார்ஜிலிங்கில் வேலையை முடித்துவிட்டு, 1914 இல் குடும்பத்தோடு தாம் பிறந்த காத்மாண்டுவுக்குத் திரும்பினார். கிறிஸ்தவர்களுக்கு இங்கே இடமில்லை என்று ராணா அரசு அவர்களை வெளியேற்றிவிட்டது. குடும்பமாகப் போவது அந்த நாட்டுக்குப் பழைய கதை. ஆகவே என் பங்குக்கு நற்செய்தி அச்சிட்ட நேபாளி மொழிக் கைப்பிரதிகள் ஐந்நூறு வரவழைத்து வைத்திருக்கிறேன். ஆளுக்கு நூற்றிருபத்தைந்து வீதம் பெட்டியில் வைத்துக்கொண்டால் பாரம் தெரியாது.

[6.44] ரூபன்: அண்ணன் எழுதுவதைப் படித்து முடிப்பதற்குள் எனக்கு அலுவலகம் வந்துவிட்டது.

[7.02] டேனியல்: அண்ணா, கைப்பிரதி வேண்டாம். அங்குள்ள போதகர் முதல் தொலைபேசிப் பேச்சிலேயே கேட்டுக்கொண்டது அது ஒன்றைத்தான். 2015 ஆம் ஆண்டு அரசியலமைப்பிலேயே பிறரை மதம் மாற்றக் கூடாது என்ற விதி இருக்கிறது. 2018 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த குற்றவியல் சட்டத்தில் அதற்கு ஐந்து ஆண்டு வரை சிறையும் ஐம்பதாயிரம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. வெளிநாட்டவராக இருந்தால் தண்டனைக்குப் பிறகு நாடு கடத்துவார்கள்.

[7.09] ஜெபராஜ்: சட்டம் எனக்கும் தெரியும். மனிதருக்குக் கீழ்ப்படிவதைவிடத் தேவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று ஆலோசனைச் சங்கத்தின் முன் அப்போஸ்தலர் பேதுரு சொன்னதும் தெரியும்.

[7.15] ஷீலா: அத்தான், பேதுரு தாமே சிறைக்குப் போனார். தாம் விருந்துண்ட வீட்டுக்காரரை அனுப்பிவைக்கவில்லை. இருபதாம் தேதி நாங்கள் பாளையங்கோட்டைக்குத் திரும்பும் வழியில் இருப்போம். ஐந்நூறு தாள்களையும் யார் கொடுத்தது என்று காவல் நிலையத்தில் பதில் சொல்லப்போகிறவர் என் தோழியின் கணவர். அவர்களுக்கு இரண்டு சிறு பிள்ளைகள் இருக்கிறார்கள்.

[7.16] கிரேஸ்: சரியான கேள்வி.

[7.40] ரூபன்: முழு வாக்கியத்திலேயே கேட்கிறேன். பிரதியும் கொடுக்கக் கூடாது, பிரசங்கமும் கூடாது என்றால், நால்வர் ரயிலிலும் விமானத்திலும் போய்வரும் செலவை அப்படியே அந்தச் சபைக்கு அனுப்பிவிட்டால் என்ன? அவர்கள் அதை வைத்து இன்னும் நல்ல காரியம் செய்வார்களே.

[7.43] கிரேஸ்: பனந்தோப்பு விற்ற பணத்தில் ஆலயத்துக்குக் கொடுப்பதாகச் சொன்ன பங்கு வந்து சேர்ந்ததா என்று யாரும் இப்போது கேட்க வேண்டாம்.

[7.44] ரூபன்: அக்கா, நீங்கள்தான் கேட்டிருக்கிறீர்கள்.

[8.05] ஷீலா: இதே கேள்வியை நான் தோழியிடமே நேராகக் கேட்டேன். 2015 ஏப்ரல் 25 ஆம் தேதி, சனிக்கிழமை, நண்பகலுக்குச் சற்று முன் நிலநடுக்கம் வந்தபோது அவர்கள் ஆராதனையில் இருந்தார்கள். கற்சுவர் உள்ளே சரிந்தது. அதன் பிறகு பணம் வந்தது, தகரக் கூரை வந்தது, ஊர் ஊராகக் குழுக்கள் வந்து படம் எடுத்துக்கொண்டு போயின. இப்போது யாரும் வருவதில்லை என்றாள். மின்கம்பி இழுக்க வந்தவர் பாதியில் விட்டுப் போனதால், கூரைத் தகரத்தில் மழை நாளில் கை வைத்தால் சுர்ரென்று இழுக்கிறதாம். பணம் வேண்டும், வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. நீ வந்து என் வீட்டில் இரண்டு இரவு தூங்கு என்றாள்.

[8.11] டேனியல்: பாலிடெக்னிக்கில் இருபது வருடமாக நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது அந்த வேலையைத்தான். அந்த மலைக்கிராமத்திலேயே இரண்டு இளைஞர்களைக் கேட்டிருக்கிறேன். அவர்கள் கையால் செய்ய வேண்டும், நான் பக்கத்தில் நிற்பேன்.

[8.30] கிரேஸ்: அப்படிச் செய்தால் நல்லது. நம் ஊர்ப் பள்ளிச் சுவர் யாருக்காவது நினைவிருக்கிறதா? டேனியலுக்கு அப்போது பன்னிரண்டு வயது. வெளிநாட்டிலிருந்து பதினாறு பேர் பத்து நாள் ஊழியத்துக்கு வந்தார்கள். என் கட்டிலையும் அம்மாவின் கட்டிலையும் அவர்களுக்குக் கொடுத்துவிட்டு நாங்கள் அடுக்களையில் படுத்தோம். விடியற்காலம் நான்கு மணிக்கு எழுந்து அவர்கள் குடிக்க இரண்டு அண்டாத் தண்ணீர் கொதிக்கவைத்தோம். அவர்கள் பாட்டுப் பாடிக்கொண்டே பள்ளிச் சுவருக்கு நீல வண்ணம் பூசினார்கள். பழைய சுண்ணாம்பைச் சுரண்டாமல் பூசியதால், மறுவாரமே அப்பளம்போலப் பொரிந்து, சட்டையில் ஒட்டிக்கொண்டு வந்தது. ஊரில் வெள்ளையடிக்கிறவர் அந்தப் பத்து நாளும் திண்ணையில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அப்பா தம் சம்பளத்திலிருந்து கூலி கொடுத்து அவரைக்கொண்டே முழுச் சுவரையும் சுரண்டி அடிக்கவைத்தார்கள். ஆனாலும் அவர்கள் அனுப்பிய புகைப்படத்தைச் சட்டம் போட்டு வைத்திருந்ததும் அதே அப்பாதான்.

[8.33] ஜெபராஜ்: அதில் ஒரு அம்மையார் ஆச்சிக்குக் கம்பளிச் சால்வை கொடுத்தார்கள். இன்னும் இருக்கிறது.

[8.34] ரூபன்: பாளையங்கோட்டை வெயிலுக்குக் கம்பளி.

[9.20] பெனிட்டா: பெரியப்பா, ஆச்சி பக்கத்தில் இருக்கிறார்கள். அவர்கள் சொல்லச் சொல்ல எழுதுகிறேன். "சனிக்கிழமை ஆராதனை என்று ஷீலா எழுதியிருப்பது என்ன? அவர்கள் சனிக்கிழமையையே ஓய்வுநாளாகக் கொள்ளும் ஓய்வுநாள்காரர்களா? அப்படியானால் நான் யோசிக்க வேண்டும்."

[9.36] ஜெபராஜ்: அம்மா, அப்படியில்லை. நேபாளத்தில் நெடுங்காலமாக வார விடுமுறை சனிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை அலுவலகமும் பள்ளியும் நடந்துவந்தன. ஆகையால் பெரும்பாலான சபையார் சனிக்கிழமையே கூடுகிறார்கள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, ஆண்கள் ஒரு புறமும் பெண்கள் ஒரு புறமும் தரையில் பாய் விரித்து உட்காருவார்கள் என்று படித்திருக்கிறேன். நம் ஊர் ஆலயத்தில் பெஞ்சு வருவதற்கு முன் இருந்ததைப்போலத்தான்.

[9.41] பெனிட்டா: ஆச்சி சொல்கிறார்கள்: "தரையில்தானா? அப்படியானால் நானும் வருகிறேன்."

[9.42] கிரேஸ்: அம்மா! கண்ணில் மருந்து, முழங்காலில் வலி, அது மலை!

[9.50] பெனிட்டா: அத்தை, ஆச்சிக்கு ஆவணப் பிரச்சினையே கிடையாது. அறுபத்தைந்து வயதுக்கு மேல் என்றால் ஆதாரே போதும். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வாக்காளர் அட்டை இருக்கிறது. ஜோயலுக்குப் பதினொன்று, அவனுக்கும் ஆதார் போதும். இந்த வீட்டில் பதினாறு வயதான என் ஒருத்திக்குத்தான் பாஸ்போர்ட்டும் இல்லை, வாக்கும் இல்லை. பள்ளித் தலைமை ஆசிரியர் கையெழுத்திட்ட அடையாளச் சான்றிதழ் வேண்டுமாம். பள்ளிக்கு விடுமுறை விட்டாயிற்று.

[9.53] ஜெபராஜ்: முப்பத்து நான்கு ஆண்டு தலைமை ஆசிரியராக இருந்தவன் நான்.

[9.54] பெனிட்டா: ஓய்வு பெற்றவர் கையெழுத்து செல்லாது, பெரியப்பா.

[9.58] ஜெபராஜ்: இப்போது அங்கே இருப்பவர் என்னிடம் ஏழாம் வகுப்பு படித்தவர். நாளை அவர் வீட்டுக்கே போகிறேன். சான்றிதழ் உன் கைக்கு வரும்.

[10.02] ரூபன்: அண்ணன் ஆயிரம் பேசினாலும் வேலைக்கு முதலில் நிற்பவர் அண்ணன்தான். என் பங்குக்கு மின்கம்பி, சுவிட்சு, நிலத்தொடர்புக் கம்பி ஆகியவற்றின் செலவை ஏற்றுக்கொள்கிறேன். காத்மாண்டுவிலேயே வாங்குங்கள். நம் நூறு ரூபாய்க்கு அவர்கள் பணம் நூற்றறுபது கிடைக்கும்.

[10.04] பெனிட்டா: கடிகாரத்தையும் கால் மணி நேரம் முன்னே தள்ளிவைக்க வேண்டும், சித்தப்பா.

[10.30] ஜெபராஜ்: டேனியலுக்கு மட்டும் ஒரு வார்த்தை, எல்லாரும் படிக்கலாம். 1954 இல் நேபாள ஐக்கிய மிஷன் உள்ளே போனபோது, மருத்துவமும் கல்வியும் செய்வோம், மதமாற்றம் செய்யமாட்டோம் என்று அரசுக்கு எழுதிக்கொடுத்துத்தான் போனது. தான்சேனில் அவர்கள் நடத்தும் மருத்துவமனைக்கு மக்கள் மலையேறி வந்தார்கள். இதை நான் ஞாயிறுபள்ளியில் பலமுறை சொல்லியிருக்கிறேன். ஆனால் கைப்பிரதிக் கட்டு மேசைமேல் இருக்கும்போது எனக்கு அது நினைவுக்கு வரவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒன்றே முக்கால் ரூபாய் ஆயிற்று. பத்தே பத்தை மட்டும் போதகர் கையில் கொடுத்துவிட்டு, அவர் விருப்பப்படி செய்யட்டும் என்று விட்டால் என்ன?

[10.33] டேனியல்: அவரிடமே கேட்கிறேன், அண்ணா. வேண்டாம் என்றால் வேண்டாம்.

[10.34] ஜெபராஜ்: கேள். வாட்ஸ்அப்பில் எழுதாதே, பேசு.

[10.50] ஷீலா: அம்மா விஷயம் இன்னும் முடியவில்லை. மதினி, உங்களால் முடியுமா?

[11.15] கிரேஸ்: நான் மாட்டேன் என்று சொல்லவில்லை. எங்கள் வீட்டில் குளியலறை மாடியில் இருக்கிறது, கைப்பிடி ஒரு பக்கந்தான். முதல் வாரம் நான் பாளையங்கோட்டைக்கு வந்து இருக்கிறேன். 15 ஆம் தேதி எங்கள் சேகரத்துச் சபையார் கூடி உண்ணும் அசனப் பண்டிகை, அதற்கு நான் போயே ஆக வேண்டும். அதன் பிறகு ரூபன் வருவானா?

[11.16] ரூபன்: விடுப்பு கேட்டுப் பார்க்கிறேன்.

[11.17] கிரேஸ்: போன வருடமும் இதே வாக்கியம்தான் வந்தது.

[11.20] ஜெபராஜ்: நான் இருக்கிறேனே. என்னை ஏன் யாரும் கேட்கவில்லை?

[11.24] கிரேஸ்: அண்ணா, உங்கள் கை நடுங்குகிறது. சொட்டு மருந்து கண்ணுக்குள் விழ வேண்டும்.

[11.31] பெனிட்டா: ஆச்சி சொல்கிறார்கள்: "மூத்தவன் வரட்டும். மருந்தை நானே ஊற்றிக்கொள்வேன், அவன் கண்ணாடி பிடித்தால் போதும். காலையில் வெள்ளை மூடியா, இளஞ்சிவப்பு மூடியா என்று மட்டும் யாராவது இப்போது சொல்லுங்கள். பெனிட்டா இரண்டையும் கழற்றி வைத்துவிட்டாள்."

[11.32] ஷீலா: இளஞ்சிவப்பு! வெள்ளை மூடி இரவுக்கு. பெனிட்டா, தொடாதே, வருகிறேன்.