குடும்பக் குழு: தீவுப் பாஸ்போர்ட்டும் குலசேகரம் ரப்பரும்

அண்ணன் துபாய்: மாமா, நம்ம ரப்பர் விளையைக் கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன். கேட்கிற ஆள் யாராவது உண்டா?

மாமா குலசேகரம்: என்ன மக்கா திடீரென்று? பக்கத்து விளைக்காரர் ரொம்ப நாளாகக் கேட்கிறார்தான். ஆனால் மரம் இப்போதுதான் நன்றாகப் பால் தருகிறது.

அண்ணன் துபாய்: டொமினிக்கா என்று கரீபியக் கடலில் ஒரு தீவு. பணம் கட்டினால் குடியுரிமை தருகிறார்கள். இங்கே எத்தனை வருஷம் உழைத்தாலும் வேலை போனால் விசாவும் போச்சு. பிள்ளைகளுக்கு ஒரு பிடிமானம் வேண்டாமா? ஏஜென்ட் ஒரு லட்சம் டாலர் என்கிறார்.

சித்தி நாகர்கோவில்: வெஸ்ட் இண்டீஸ் கிரிக்கெட்டில் வருமே, அந்தப் பக்கமா?

அண்ணன் துபாய்: அதேதான் சித்தி.

அக்கா வக்கீல்: அண்ணா, ஒரு லட்சம் பழைய விலை. 2024 ஜூலையிலிருந்து இரண்டு லட்சத்துக்குக் குறையக் கூடாது என்று அந்தப் பக்கத்துத் தீவுகள் சேர்ந்து ஒப்பந்தம் போட்டுவிட்டன. அதே பக்கத்துத் தீவான செயின்ட் கிட்ஸில் இரண்டரை லட்சம். 1984-லேயே இதைத் தொடங்கியவர்கள் அவர்கள்தான். அரசுக்கு நன்கொடையாகக் கட்டினால் அந்தக் காசு திரும்பாது. விசாரணைக் கட்டணம், ஏஜென்ட் கூலி எல்லாம் தனி.

மாமா குலசேகரம்: ஒன்றரைக் கோடிக்கு மேலே வருதே! விளையை விற்றாலும் அவ்வளவு தேறாது மக்கா.

அண்ணன் துபாய்: பசிபிக் கடலில் வனுவாட்டு என்று ஒரு தீவு நாடு, அங்கே குறைவு. ஒரு ஆளுக்கு 1,30,000 டாலர்.

அக்கா வக்கீல்: குறைவாக இருப்பதற்குக் காரணம் உண்டு. வனுவாட்டுக்குத் தந்த விசா சலுகையை ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பரில் ஒரேயடியாக எடுத்துவிட்டது. பிரிட்டன் 2023-லேயே வனுவாட்டு, டொமினிக்கா இரண்டுக்கும் விசா கட்டாயம் என்றது. விசா இல்லாமல் ஊர் சுற்றத்தான் இதை வாங்குகிறார்கள். அதை அடுத்த நாட்டுக்காரன் ஒரு உத்தரவில் பிடுங்கிவிடலாம்.

தம்பி குளச்சல்: டொமினிக்கா மோசமான ஊர் இல்லை அண்ணா. மலை, மழை, வாழை. பரப்பில் நம்ம மாவட்டத்தில் பாதிகூட வராது, சனம் எழுபதாயிரம் போல. 2017-ல் நமக்கு ஒக்கி வருவதற்கு இரண்டு மாதம் முன்னால் மரியா புயல் அந்தத் தீவையே புரட்டிப் போட்டது. வீடுகளைத் திரும்பக் கட்டியதில் இந்தப் பாஸ்போர்ட் காசும் உண்டு.

சித்தி நாகர்கோவில்: பாட்டி பக்கத்தில் இருக்கிறார். அங்கே மரச்சீனிக் கிழங்கு கிடைக்குமா என்று கேட்கிறார் 😄

தம்பி குளச்சல்: கிடைக்கும். அந்தத் தீவின் பூர்வகுடிகள் மரச்சீனியில் ரொட்டி சுடுவார்கள். மீனுக்கும் பஞ்சமில்லை என்று சொல்லுங்கள்.

அண்ணன் துபாய்: அங்கே போய்க் குடியிருக்கப் போவதில்லை. பாஸ்போர்ட் மட்டும்.

மாமா குலசேகரம்: குடியிருக்காத ஊருக்குக் குடியுரிமை எதற்கடா?

அக்கா வக்கீல்: மாமா, முக்கியமான விஷயம் அதுவல்ல. நம் நாட்டில் இரட்டைக் குடியுரிமை கிடையாது. விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கினால், 1955 சட்டத்தின் 9-ஆம் பிரிவுப்படி இந்தியக் குடியுரிமை தானாகவே போய்விடும். பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். வேண்டுமென்றால், வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்தியர்களுக்குத் தருகிற ஓசிஐ அட்டை வாங்கலாம். விசா இல்லாமல் ஊருக்கு வரலாம், ஓட்டுப் போட முடியாது.

அண்ணன் துபாய்: ஓட்டு போனால் போகட்டும். லீவு கிடைத்து எந்தத் தேர்தலுக்கு வந்தேன்?

அக்கா வக்கீல்: விளை? ஓசிஐ வைத்திருப்பவர் வீடு வாங்கலாம், வயலோ ரப்பர் தோட்டமோ விலைக்கு வாங்க முடியாது. ஏற்கனவே இருப்பதை வைத்துக்கொள்ளலாம், அப்பா அம்மா வழியில் வருவதும் வரும். நீங்கள் இப்போது விற்றுவிட்டு, ஐம்பது வயதில் ஊரோடு வந்து ஒரு துண்டு வாங்கலாம் என்றால் நடக்காது.

மாமா குலசேகரம்: கேட்டாயா?

அண்ணன் துபாய்: இதை ஏஜென்ட் சொல்லவே இல்லை.

அக்கா வக்கீல்: அவர் ஏன் சொல்கிறார்! அட்வான்ஸ் கொடுத்தீர்களா?

அண்ணன் துபாய்: இல்லை. இந்த வாரம் என்று சொல்லியிருந்தேன்.

அக்கா வக்கீல்: நல்லது. அவர் தந்த பேப்பரைப் போட்டோ எடுத்து எனக்குத் தனியாக அனுப்புங்கள். இங்கே போட வேண்டாம்.

மாமா குலசேகரம்: பக்கத்து விளைக்காரரிடம் என்ன சொல்லட்டும்?

அண்ணன் துபாய்: இப்போதைக்கு ஒன்றும் சொல்லாதீர்கள் மாமா. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறேன்.