புது ரக வெட்டிவேர் எண்ணெய் விலை போகுமா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கடலூர் மணற்பாங்கு:
எண்ணெய் அதிகம் தரும் என்று சொன்ன புது ரக வெட்டிவேர் நாற்றை நட்டேன். வேர் நன்றாக இறங்கியது, எண்ணெயும் நாட்டு ரகத்தைவிடக் கூடுதல். எண்ணெயில் என்னென்ன எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் ஆய்வக அறிக்கையோடு (ஜிசி ரிப்போர்ட்) ஒரு வாசனைத் திரவிய நிறுவனத்துக்குப் போனேன். கொள்முதல் பார்ப்பவர் ரிப்போர்ட்டைத் தொடவே இல்லை. காகிதக் கீற்றை எண்ணெயில் தோய்த்து மோந்தார், மேசை ஓரம் வைத்துவிட்டுப் போனில் பேசப் போய்விட்டார். திரும்பி வந்து மறுபடி மோந்தார். "முதல்ல வர்ற மேல்வாசம் பரவாயில்லை, கடைசிவரை நிற்க வேண்டிய அடிவாசம் நிற்கல. எங்க கலவை எல்லாம் ஹைட்டி நாட்டு வெட்டிவேர் எண்ணெயை வெச்சுப் போட்டது. இதைச் சேர்த்தா சோப்பு வாசமே மாறிடும்" என்றபடி கீற்றைக் கூடையில் போட்டார். அந்தக் கை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. எண்ணெய் அதிகம் என்பதற்காக இதை வணிக ரகம் என்று எப்படிச் சொல்வது?

கோத்தகிரி தைலம்:
எனக்கு நேர்எதிர். எலுமிச்சை வாசத் தைல மரம் ஒன்றின் எண்ணெயை வலித்தைலம் செய்பவரிடம் கொடுத்தேன். வாசம் பிரமாதம் என்று அவரே சொன்னார். அப்புறம் ஒரே கேள்வி: "சினியோல் எவ்வளவு?" தைல எண்ணெயின் முக்கிய மருந்துப் பொருள் அது; பிரிட்டிஷ் மருந்தியல் நூல் கேட்பது குறைந்தது 70 சதவீதம். இந்த மரத்தில் இருப்பது பெரும்பாலும் எலுமிச்சை வாசம் தருகிற சிட்ரோனெல்லால். மூடியைத் திருகி என் கையிலேயே கொடுத்துவிட்டார். மருந்துக்காரர்களுக்கு எண்தான் முக்கியம், மூக்கு இல்லை.

வாலைக்காரன்:
கடலூர் அண்ணே, ரகத்தைக் குறை சொல்ல வேண்டாம். எங்கள் ஊரிலும் இதே ரகத்தைத் திருப்பி அனுப்பினார்கள், வடிப்பை மாற்றியதும் வாங்கினார்கள். எத்தனை மணி நேரம் வடித்தீர்கள்? அடிவாசம் தருகிற கனமான பகுதி கடைசியில்தான் வரும். பத்து மணி நேரத்தில் பாய்லரை நிறுத்தினால் அது வேரிலேயே தங்கிவிடும். வெட்டிவேருக்கு 18 முதல் 24 மணி நேரம் வேண்டும். எண்ணெயையும் தண்ணீரையும் பிரிக்கிற பிரிகலத்தையும் பாருங்கள். இந்த எண்ணெயின் அடர்த்தி தண்ணீரை ஒட்டியே இருப்பதால் கொஞ்சம் மிதக்கும், கொஞ்சம் அடியில் இறங்கும். மேலே மிதப்பதை மட்டும் எடுத்தால் நல்ல பகுதி வாய்க்காலில் போய்விடும். புது எண்ணெயில் பச்சை வாடை இருக்கும், சில மாதம் ஆற வைத்து மாதிரி கொடுங்கள். நாற்று எந்த வழி வந்தது என்றும் கேளுங்கள். விதை பிடிக்கிற வடக்கத்தி வகையின் எண்ணெய் ஒளியை இடப்பக்கம் திருப்பும், நம் தெற்கத்தி எண்ணெய் வலப்பக்கம். ஒன்றைக் கேட்பவர் இன்னொன்றை வாங்க மாட்டார். ஆள் மாற்றிப் பாருங்கள், அத்தர்க்காரர்களிடம் கேளுங்கள்.

கடலூர் மணற்பாங்கு:
ஒரு பகல், ஒரு இரவு முழுக்க ஓட்டினோம் அண்ணே. விறகுச் செலவையும் கணக்கில் சேருங்கள், நாட்டு ரகத்துக்கும் இதே நேரம்தான் ஆகிறது. பிரிகலம் பற்றிச் சொன்னது சரி, அடுத்த வடிப்பில் அடித்தண்ணீரைத் தனியாகப் பிடித்து வைக்கிறேன். ஒளிச்சுழற்சி சோதனை பக்கத்தில் எங்கே செய்கிறார்கள்? அது தெரிந்த பிறகுதான் மீதி நிலத்துக்கு நாற்று எடுப்பேன்.