ட்ரோலாக்ஸோடு மல்லுக்கட்டியவர்கள் வாருங்கள்

நீலப்பச்சை:
வைட்டமின் ஈ-யின் நீளமான கொழுப்பு வாலை நறுக்கிவிட்டு அங்கே ஒரு கார்பாக்சிலிக் அமிலத்தை ஒட்டினால் அதுதான் ட்ரோலாக்ஸ். எனக்கு இது பழக்கமானது ஏபிடிஎஸ் சோதனையில், அதாவது ஏபிடிஎஸ் என்ற பொருளின் நிறம் வெளுப்பதை வைத்து ஆன்டிஆக்ஸிடன்ட் (ஆக்ஸிஜனேற்றத்தைத் தடுக்கும் பொருள்) திறனை அளக்கும் சோதனையில். முந்தின நாளே ஏபிடிஎஸ்ஸைப் பொட்டாசியம் பெர்சல்பேட்டோடு கலந்து இருட்டில் வைத்துவிடுவேன். காலையில் அடர்ந்த நீலப்பச்சையாக நிற்கும். 734 நானோமீட்டர் ஒளியில் உறிஞ்சல் அளவு 0.70 காட்டும்வரை அதை நீர்த்து, துளியூண்டு ட்ரோலாக்ஸ் விட்டால் கண்ணெதிரே வெளுத்துவிடும். செடிச்சாறுகள் அப்படியில்லை. ஆறு நிமிடம் தாண்டியும் சில இழுத்துக்கொண்டே போகும், எந்த நொடியில் அளவெடுப்பது என்று குழம்பவைக்கும். ட்ரோலாக்ஸை அளவுகோலாக வைத்த காரணம் அப்போதுதான் எனக்கு உறைத்தது. உங்கள் கதை என்ன?

குடுவைக்காரர்:
“நீரில் கரையும்” என்பதை ரொம்ப நம்ப வேண்டாம்! வெறும் தண்ணீரில் போட்டால் வெள்ளைத்தூள் அடியில் சும்மா உட்கார்ந்திருக்கும். நான் முதலில் எத்தனாலில் கரைத்து, அப்புறம் பஃபரில் (அமில-காரத் தன்மையை மாறாமல் வைக்கும் கரைசல்) நீர்ப்பேன். பக்கத்து மேசைக்காரர் சோடியம் ஹைட்ராக்சைடு கொஞ்சம் விடுவார், அதுவும் சரிதான்.

ஒளிப்புள்ளி:
நாங்கள் ஆன்டிஆக்ஸிடன்டை அளப்பதே இல்லை, ஒற்றை மூலக்கூறுகளை நுண்ணோக்கியில் பார்க்கிறோம். சை5 சாயம் மினுக் மினுக்கென்று அணைந்து எரிந்தால் தரவு குப்பை. ட்ரோலாக்ஸ் சேர்த்தால் நிலையாக எரியும், இது 2006-லேயே வெளிவந்த சங்கதி. வேடிக்கை என்னவென்றால், அப்போதே கரைத்ததைவிட வெளிச்சத்திலும் காற்றிலும் கொஞ்சம் பழசான கரைசல்தான் நன்றாக வேலை செய்யும். ட்ரோலாக்ஸில் ஒரு பகுதி ஆக்ஸிஜனேற்றம் அடைந்து குவினோன் ஆகிவிடுகிறது. சாயம் ஒளிராத மும்மை நிலையில் (triplet) மாட்டிக்கொள்ளும்போது ட்ரோலாக்ஸ் எலக்ட்ரானைக் கொடுக்கிறது, குவினோன் வாங்கிக்கொள்கிறது, சாயம் மீண்டுவிடுகிறது. அதனால் எங்கள் மாணவர்களிடம் பழைய குப்பியைக் கொட்டிவிடாதே என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

நீலப்பச்சை:
அட, எங்கள் பக்கம் பழசானால் அளவுக்கோடே சாய்ந்துவிடும். தினமும் புதிதாகத்தான் கரைக்கிறோம்.

செல்வளர்ப்பு:
செல்களை ஆக்ஸிஜனேற்றத்தால் சிதைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு கொடுத்த செல்களுக்குப் பக்கத்தில் ட்ரோலாக்ஸ் கொடுத்த கிணறுகளையும் (வளர்ப்புத் தட்டின் குழிகள்) வைப்போம், ஒப்பிட்டுப் பார்க்க. அதைக் காட்டினாலே யாராவது “மாத்திரையாகச் சாப்பிடலாமா?” என்று கேட்டுவிடுகிறார்கள். ஆய்வக ரசாயனம் அய்யா அது! குடுவையில் வரும் எண்ணை அப்படியே உடம்புக்குப் பொருத்தவும் முடியாது. அமெரிக்க வேளாண் துறை உணவுகளின் ஓராக் (குடுவையில் அளந்த ஆன்டிஆக்ஸிடன்ட் திறன்) பட்டியலை 2012-ல் எடுத்துவிட்டதே அதனால்தான். அந்த எண்களும் ட்ரோலாக்ஸ் கணக்கில்தான் இருந்தன.