வளைந்த கூரைக்கு என்ன பெயர்: கமானா, கூண்டா, குவிமாடமா?

பின்கட்டுக்காரி, கும்பகோணம்
வணக்கம். தாத்தா கட்டிய வீட்டை இப்போது தங்கும் விடுதியாக நடத்துகிறோம். பின்கட்டில் முன்பு நெல் மூட்டை அடுக்கிய அறை ஒன்று உண்டு. 11 அடி அகலம், 30 அடி நீளம். மேலே உத்தரமும் இல்லை, இரும்பும் இல்லை. செங்கல்லும் சுண்ணாம்புமாக ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவர் வரை வளைத்தே மூடியிருக்கிறார்கள். வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பதால் வாசலில் ஒரு பலகை வைக்க நினைத்தோம். ஆர்க்கிடெக்ட் 'வால்ட்' என்று ஆங்கிலத்தில் எழுதித் தந்தார்; வளைந்த கூரைக்கும் பணப் பெட்டகத்துக்கும் அங்கே ஒரே சொல்தான். தம்பி அதைப் போனிலேயே மொழிபெயர்த்து அச்சுக்கு அனுப்ப, 'பழமையான பெட்டகம்' என்று பலகை வந்து இறங்கியது. போன வாரம் ஒரு மாமி, "திறந்து காட்ட மாட்டீங்களாம்மா?" என்று கேட்டே விட்டார்.

அப்பா 'கமான்' என்கிறார். பூச்சு வேலைக்கு வந்த கொத்தனார் 'கூண்டு' என்கிறார். எதைப் போடுவது?

மன்னார்குடி மைனர்
குவிமாடம். முடிந்தது வேலை.

சாரமரம், பாபநாசம்
குவிமாடம் மட்டும் போட்டுவிடாதேம்மா. நான் கொத்தனார் மகன், ஓவர்சீயராக இருந்து ஓய்வு பெற்றவன். குவிமாடம் என்றால் நாலாபக்கமும் எழும்பி உச்சியில் ஒரு புள்ளியில் கூட வேண்டும். எங்கள் திருப்பாலைத்துறைக் கோயிலில் நாயக்கர் காலத்து நெற்களஞ்சியம் இருக்கிறது, வந்து பார். அடி வட்டம், போகப் போகக் குவிந்துவிடும். உன் அறை உச்சியில் புள்ளி ஏது? கோடுதான். ஒரு வளைவை 30 அடிக்கு இழுத்துக்கொண்டே போன மாதிரி. மாட்டுவண்டிக்கு மூங்கிலை வளைத்துக் கூண்டு போடுவோமே, அதே உருவம். வெள்ளைக்காரனும் இந்தக் கூரைக்கு வண்டியையும் பீப்பாயையும் பார்த்துத்தான் பெயர் வைத்திருக்கிறான். கொத்தனார் சொன்னது சரி.

அப்பா சொல்வதையும் தள்ள முடியாது. பாரசீகத்தில் கமான் என்றால் வில். மராத்தியில் வளைவுக்கே அதுதான் பெயர். 1855 வரை மராத்தியர் இருந்த தஞ்சாவூர்ச் சீமையில் அது புழங்குவதில் ஆச்சரியமில்லை. ஆனால் என் அப்பா பிரித்துத்தான் சொல்வார்: வாசலுக்கு மேலே ஒற்றை வளைவாக நின்றால் கமான், கூரை முழுக்க ஓடினால் கூண்டு.

இன்னொன்று. இன்றைக்குத் தட்டைத் தளத்துக்குப் பலகை அடிப்பதைச் சென்ட்ரிங் என்கிறோமே, அந்தச் சொல்லே வளைவு வேலையில் பிறந்தது. முதலில் அதே வளைவில் மரச்சட்டம் செய்து நிறுத்துவார்கள். இரண்டு சுவரிலிருந்தும் செங்கல் ஏறி வந்து நடு வரிசை இறுகும் வரை பாரம் அதன் மேல். அப்புறம் உருவிவிடலாம்; செங்கல் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கும். அந்த நெருக்கல் சுவரை வெளியேயும் தள்ளும். அதனால் சுவர் தடிமனாக இருந்தாக வேண்டும். தரங்கம்பாடியில் டேனியர் 1620-ல் கட்டத் தொடங்கிய கோட்டையின் கீழ் அறைகளுக்குள் போய் நின்றால் தெரியும். பெயரை விடு, உன் சுவர் எத்தனை அங்குலம்?

திருவையாற்றுத் தமிழாசிரியர்
'கவிகை' என்ற அழகான சொல் இருக்க, கூண்டு எதற்கு? கவிந்திருப்பது கவிகை. குறள் 389-இல் 'கவிகைக்கீழ்த் தங்கும் உலகு' என்று வருகிறதே.

சாரமரம்
ஐயா, அந்தக் கவிகை அரசனுடைய குடை. குடை வட்டம். சுற்றி மறுபடியும் குவிமாடத்துக்கே வந்துவிடுகிறோம்.

மன்னார்குடி மைனர்
அப்படியானால் பெரிய கோயில் விமானம்? அதுவும் உள்ளே வெறும் கூடுதானே?

சாரமரம்
கூடுதான் தம்பி, ஆனால் முறை வேறு. அங்கே ஒவ்வொரு கல்வரிசையையும் கீழ்வரிசையை விடக் கொஞ்சம் உள்ளே தள்ளித் தள்ளி அடுக்கிக்கொண்டே போயிருக்கிறார்கள். கல் படுத்தே இருக்கும், பாரம் நேரே கீழே இறங்கும். கூண்டில் செங்கல் சாய்ந்து நிற்கும். கூண்டு உருவம் வேண்டுமானால் எந்தக் கோபுரத்தின் உச்சியையும் பார், கலசங்கள் வரிசையாக நிற்கிற இடம். அதற்குச் சிற்ப நூலில் 'சாலை' என்று பெயர்.

பின்கட்டுக்காரி
எல்லோருக்கும் நன்றி. சுவரை அளந்தேன் ஐயா, 27 அங்குலம். ஆனால் கூரை உச்சியில் நீளவாக்கில் முடி அளவுக்கு ஒரு விரிசல் ஓடுகிறது. பயப்பட வேண்டுமா?

சாரமரம்
விரிசலுக்குக் குறுக்கே மூன்று இடத்தில் கண்ணாடிச் சில்லைச் சுண்ணாம்பில் பதித்து, தேதி எழுதி வை. ஐப்பசி, கார்த்திகை மழை முடிகிற வரை பார். சில்லு உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது என்று அர்த்தம். உடனே ஆளைக் கூப்பிடு. விரிசலைச் சிமெண்டு வைத்து மட்டும் அடைக்காதே. சுண்ணாம்புதான்.

பின்கட்டுக்காரி
சரிங்க ஐயா, நாளைக்கே பதிக்கிறேன். பலகையில் 'கூண்டு வளைவுக் கூரை' என்று எழுதக் கொடுத்துவிட்டேன். பெட்டகப் பலகையைத் தம்பி தூக்கிப்போட விடவில்லை. வரவேற்பறையில் கல்லாப்பெட்டிக்கு மேலே மாட்டியிருக்கிறான்.