உட்காரும் இடம் நன்றாக இருக்கிறது, உட்காராத இடம் உரிகிறது: தோல் இருக்கை பற்றி ஒரு கேள்வி

செந்தூல்வாசி:

வணக்கம். கார் இருக்கை விவரம் தெரிந்தவர்கள் யாராவது வழி சொல்லுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கோலாலம்பூர் புடு லாமா சாலை கோர்ட்டுமலைப் பிள்ளையார் கோயிலுக்கு அழைத்துப் போனேன். அம்மா சந்தன நிறப் பட்டுப் புடவை கட்டியிருந்தார். வாசலில் இறங்கியதும் பின்னால் வந்த ஓர் அம்மாள், "முதுகில் என்ன, எள் கொட்டிய மாதிரி?" என்று கேட்டுவிட்டார். பார்த்தால் இருக்கையின் கறுப்புத் தோல். நகக்கண் அளவில் செதில் செதிலாகப் புடவையில் ஒட்டியிருந்தது. தட்டினால் போகவில்லை. நடராஜர் சந்நிதிப் பக்கம் நிழலில் நிறுத்தி ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்தேன். அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால்கூட ஆறியிருக்கும்.

கார் 2016ஆம் ஆண்டுத் தயாரிப்பு. 2019இல் ஈப்போ சாலைப் பக்கம் ஒரு பழைய கார் வியாபாரியிடம் வாங்கினேன். "முழுக்க முழுக்கத் தோல் இருக்கை" என்று இருக்கையைத் தட்டிக் காட்டித்தான் விற்றார். நான் குடியிருப்பது அடுக்குமாடி. கூரை போட்ட நிறுத்துமிடம் கிடையாது. வேலையிடத்திலும் திறந்தவெளிதான். ஆக, கார் ஆண்டு முழுவதும் வெயிலும் மழையும் வாங்குகிறது.

இதில் எனக்கு விளங்காத ஒன்று உண்டு. நாள்தோறும் நான் உட்கார்ந்து தேய்க்கும் நடுப்பகுதிக்கு ஒன்றுமே ஆகவில்லை. கொஞ்சம் பளபளப்பு ஏறியிருக்கிறது, நாலு சுருக்கம் விழுந்திருக்கிறது, அவ்வளவுதான். உரிவதெல்லாம் பக்கவாட்டு மேடுகளும், முதுகுச் சாய்வின் மேல்விளிம்பும், தலைச்சாய்வும். யாரும் தலை வைக்காத பின்னிருக்கைத் தலைச்சாய்வுகூட உரிகிறது. ஒரே கார், ஒரே வெயில், ஒரே வயது. உழைக்கிறவன் திடமாக இருக்க, சும்மா இருப்பவனுக்கு ஏன் நோய் வருகிறது?

என் அப்பாவிடம் ஒரு புரோட்டோன் வீரா கார் இருந்தது. 1997இல் குஷன் கடையில், அதாவது இருக்கை உறை தைக்கும் கடையில், கொடுத்துத் தோல் போட்டார். 2018இல் அதை விற்றபோதும் தோல் தோலாகவே இருந்தது. தையல்தான் அங்கங்கே விட்டிருந்தது. அதை மனத்தில் வைத்துத்தான் நான் தோல் இருக்கை உள்ள காரைத் தேடி வாங்கினேன்.

இரண்டு குஷன் கடைகளில் விலை கேட்டேன். ஒருவர் செயற்கைத் தோலுக்கு 1,300 வெள்ளி (ரிங்கிட்) சொன்னார். இன்னொருவர் அசல் தோலுக்கு 3,800 வெள்ளி கேட்கிறார். நம் ஊர்ச் சூட்டுக்கு அசல் தோல் எத்தனை ஆண்டு தாங்கும்? 3,800 கொடுக்கத் தகுமா, இல்லை மேலே ஓர் உறையை மாட்டிவிட்டுப் பேசாமல் இருந்துவிடலாமா?

கெப்போங்காரன்:

வாரம் ஒரு தடவை தேங்காய் எண்ணெய் தடவுங்கள். எங்கள் தாத்தா தோல் செருப்புக்கு அதைத்தான் தடவுவார், பத்து ஆண்டு உழைத்தது. உரிந்த இடத்தில் கறுப்புக் காலணி மெழுகு போட்டால் வெளியே தெரியாது.

ஊசியும் நூலும்:

தம்பி, முதலில் அந்தத் தேங்காய் எண்ணெயைச் சமையலறையிலேயே விட்டுவிடுங்கள். கெப்போங் நண்பர் கோபித்துக்கொள்ள வேண்டாம். முப்பத்தொரு ஆண்டுகளாகக் குஷன் கடை வைத்திருக்கிறேன். எண்ணெய் பூசிக்கொண்டு வந்த இருக்கைகளை நிறையவே பார்த்தாகிவிட்டது. செருப்புத் தோல் வேறு. கார்த் தோலின் மேல் நிறப்பூச்சும், அதற்கும் மேல் பாலியூரித்தேன் மெருகும் இருக்கின்றன. எண்ணெய் உள்ளே இறங்காது. மேலேயே நின்று தூசியைப் பிடிக்கும், தையல் துளை வழியாகப் பஞ்சில் ஊறும், மழைக்காலத்தில் பூசணத்துக்கு விருந்து வைக்கும். காலணி மெழுகைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அடுத்த புடவையும் போய்விடும்.

இப்போது உங்கள் புதிருக்கு வருகிறேன். உரிவது ரெக்சின், தம்பி. நீங்கள் உட்காரும் நடுப்பகுதி மட்டும் மாட்டுத்தோலாக இருக்கும். பக்கவாட்டு, தலைச்சாய்வு, முதுகின் பின்புறம், கதவு அட்டை எல்லாம் செயற்கை. கார் தயாரிப்பாளர்கள் பலர் இப்படித்தான் செய்கிறார்கள். விளம்பரத்தாளின் அடியில் பொடி எழுத்தில் அதை எழுதியும் வைப்பார்கள். உடம்பு படும் இடத்துக்குத் தோல், கண் மட்டும் படும் இடத்துக்கு ரெக்சின். புதிதில் இரண்டுக்கும் ஒரே நிறம், ஒரே வரியச்சு. எட்டு ஆண்டில் வேஷம் கலைந்துவிடுகிறது.

அந்த ரெக்சினிலும் இரண்டு வகை உண்டு. ஒன்று, துணியின் மேல் மெல்லிய பாலியூரித்தேன் படலம் ஒட்டியது. தொட்டால் அசலைப் போலவே மெத்தென்று இருக்கும். அதற்கு எமன் காற்றில் இருக்கும் ஈரம். நீராவி அந்தப் படலத்தின் பிணைப்புகளைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துக்கொண்டே இருக்கும். சூடும் சேர்ந்தால் வேலை இன்னும் வேகமாக நடக்கும். ஆள் உட்கார்ந்தாரா இல்லையா என்பது அதற்குக் கணக்கே இல்லை. பெட்டியிலேயே பத்திரமாக வைத்திருந்த காலணியின் அடிப்பாகம் ஒரு நாள் பொடிப்பொடியாக உதிருமே, அதே நோய்தான் இது. உங்கள் பின்னிருக்கைத் தலைச்சாய்வு சும்மா இருந்தே உரிவதும் அதனால்தான்.

இன்னொன்று பிவிசி, அதாவது வினைல். ஈரம் அதை அவ்வளவாகத் தொடாது. ஆனால் மென்மைக்காக அதில் கலந்திருக்கும் எண்ணெய்ப் பொருள் சூட்டில் மெல்ல மெல்ல ஆவியாகிவிடும். வெயிலில் நிற்கும் காரின் முன்கண்ணாடி உட்புறத்தைத் துடைத்தால் பிசுபிசுவென்று ஒரு படலம் வருகிறதல்லவா, அதில் ஒரு பங்கு இதுதான். எண்ணெய் குறையக் குறைய வினைல் விறைத்து, தையல் ஓரமாகக் கோடு கோடாகப் பிளக்கும். செதிலாக உதிராது. நல்ல வினைலை மட்டமாக நினைக்க வேண்டாம். 1980களில் ஓடிய மெர்சிடிஸ் டபிள்யூ 123 கார்கள் பலவற்றில் இருந்தது எம்பி-டெக்ஸ் என்ற வினைல்தான். "அந்தக் காலத்துத் தோலைப் பாருங்கள்" என்று அதன் சொந்தக்காரர்கள் என்னிடம் பெருமையாகக் காட்டுவார்கள். நானும் தலையாட்டி வைப்பேன்.

நான் சொல்வதை நம்ப வேண்டாம், நீங்களே பாருங்கள். இருக்கைக்கு அடியில் விளக்கு அடித்து, உறையின் ஓரத்தைக் கம்பி வளையம் போட்டு இழுத்துக் கட்டியிருக்கும் இடத்தைத் தேடுங்கள். பின்புறம் நார் நாராகச் சொரசொரவென்று இருந்தால் தோல். நெசவு தெரிந்தால் ரெக்சின். மோந்து பார்ப்பதில் பயனில்லை. தோல் வாசனை குப்பியில் அடைத்துத் தனியாகவே விற்கிறது. தீக்குச்சி வைத்துப் பார்க்கச் சொல்லும் ஆள்களைக் கார் பக்கமே விடாதீர்கள்.

அசல் தோல் எத்தனை ஆண்டு என்று கேட்டீர்கள். நிழலில் நிற்கும் கார், அவ்வப்போது ஈரத்துணியால் துடைக்கும் கை, இரண்டும் இருந்தால் உங்கள் அப்பாவின் வீராவைப் போல இருபது ஆண்டு வந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். திறந்த வெயிலில் பத்து வந்தால் சந்தோஷப்படுங்கள். முதலில் போவது மேல்மெருகு. அதுவும் ஓட்டுநர் இருக்கையின் வலப்பக்க மேட்டில். ஏறும்போதும் இறங்கும்போதும் அதன்மேல்தான் சறுக்குகிறோம், பின்பையில் பணப்பையும் இடுப்பில் சாவிக்கொத்துமாக. அடுத்தது நூல். பிறகு பஞ்சு. பஞ்சு அமுங்கினால் தோல் தொய்ந்து மடியும், மடிந்த இடத்தில் மெருகு வெடிக்கும். "தோல் போய்விட்டது" என்று வருபவர்களில் பலருக்குப் பஞ்சை மாற்றி இழுத்துக் கட்டினாலே போதும். நானே அதைச் சொல்வதால்தான் இன்னும் வாடகைக் கடையில் இருக்கிறேன்.

விலை பேசும் முன் இதைப் பார்த்துவிடுங்கள். முன்னிருக்கையின் வெளிப்பக்க ஓரத்தில் 'ஏர்பேக்' என்று சின்னத் துணிச்சீட்டு இருக்கிறதா? இருந்தால், மோதலின்போது காற்றுப்பை வெளியே வர வழிவிடுவதற்கென்றே அங்கே பிரியக்கூடிய தையல் போட்டிருப்பார்கள். அதைக் கெட்டி நூலால் தைத்தால் பை உள்ளேயே திணறும். அதற்கென்று வழி விடாத மலிவு உறையை மேலே மாட்டினாலும் அதே கதி. குஷன்காரரிடம் இதைக் கேளுங்கள். "அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம்" என்று பதில் வந்தால், கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள்.

ஜெலுத்தோங் அக்கா:

பினாங்கிலிருந்து எழுதுகிறேன். வாடகைக்குக் கார் ஓட்டுகிறேன், அசல் தோல், பழுப்பு வெள்ளை நிறம். அந்த நிறத்தை மட்டும் வாங்காதீர்கள், தம்பி. ஜீன்ஸ் போட்ட பயணிகள் ஏறி ஏறிப் பின்னிருக்கை நீலம் பூத்துக் கிடக்கிறது.

ஊசிநூல் ஐயா பூசணத்தைப் பற்றிச் சொன்னார். 2020 மார்ச் 18ஆம் தேதி கோவிட் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது காரை அடுக்குமாடியின் கீழ்த்தள நிறுத்துமிடத்தில் விட்டேன். ஏறக்குறைய இரண்டு மாதம் எடுக்கவில்லை. கதவைத் திறந்ததும் புளித்த மாவு வாசம் அடித்தது. ஓட்டுநர் இருக்கையில் என் முதுகு எங்கே படுமோ அங்கே மட்டும், என் உருவத்தை வரைந்த மாதிரி, வெண்பச்சையாகப் பூசணம். பின்னால் ஓர் இடத்தில் உள்ளங்கை அளவு வட்டம். யாரோ கறிபாப் பலகாரம் வைத்த இடமாக இருக்க வேண்டும். யாரும் உட்காராத நடு இருக்கை சுத்தமாக இருந்தது. அப்போதுதான் புரிந்தது, அது தின்பது நம் வியர்வையையும் சிந்திய தீனியையும்.

முகக்கவசம் போட்டுக்கொண்டு நாலு கதவையும் திறந்து வைத்து, மிதமான சோப்புத் தண்ணீரில் பிழிந்த துணியால் துடைத்தேன். பாத்திரம் கழுவும் சோப்பு வேண்டாம் என்று தங்கை சொன்னாள், கேட்டுக்கொண்டேன். நன்றாகக் காய்ந்த பிறகு இரண்டு நாள் கழித்து மறுபடியும் ஒரு தடவை. இருக்கையின் இடைவாரை (சீட் பெல்ட்) மறந்துவிடாதீர்கள், அதிலும் பூசணம் பிடித்திருந்தது. தோலுக்கு ஒரு வடுகூட இல்லை.

வடு வேறு வழியில் வந்தது. மறுபடி ஓட்டத் தொடங்கியதும் பயணிகளுக்காகக் கைச்சுத்திகரிப்புத் திரவத்தை முன்னிருக்கையின் பின்னால் தொங்கவிட்டேன். குப்பி கசிந்தது தெரியவில்லை. ஒரு வாரத்தில் அந்த இடத்து மெருகு பிசின்போல் இளகி, விரல் வைத்தால் ஒட்டியது. துடைத்ததும் நிறமே கையோடு வந்துவிட்டது. ஸ்பிரிட் வேலை. வெயில் ஐந்து ஆண்டில் செய்யாததை அது ஐந்து நாளில் செய்துவிட்டது.

கண்ணாடிக்கு நிறத்தாள் ஒட்டிவிட்டீர்களா? 2019 மே மாதத்திலிருந்து பின்பக்கக் கண்ணாடிகளுக்கு எவ்வளவு இருட்டாகவும் ஒட்டலாம். முன்கண்ணாடி 70 விழுக்காடு, முன் ஜன்னல்கள் 50 விழுக்காடு வெளிச்சம் விட வேண்டும். இருட்டை மட்டும் பார்க்காமல், புற ஊதாக் கதிரைத் தடுக்கும் தாளாகக் கேட்டு வாங்குங்கள். உறை மாட்டுவதாக இருந்தால் மழை நாளில் நனைந்த உறையை அப்படியே விடாதீர்கள். அடியில் இருக்கும் தோல் மூச்சு முட்டும்.

செந்தூல்வாசி:

நன்றி அக்கா, நன்றி ஊசிநூல் அண்ணன்.

நேற்று மாலை மழை விட்டதும் கைப்பேசி விளக்கோடு இருக்கைக்கு அடியில் தலையை விட்டேன். ஐம்பது சென் காசு இரண்டு, விபூதிப் பொட்டலம் ஒன்று, யாருடையது என்றே தெரியாத ஒற்றைத் தோடு. எல்லாவற்றையும் எடுத்த பிறகு கம்பி வளையம் தெரிந்தது. நடுப்பகுதியின் பின்புறம் நீலம் கலந்த சாம்பல் நிறத்தில், துவாலையைச் சவரம் செய்த மாதிரி நார் நாராக இருக்கிறது. பக்கவாட்டின் பின்புறம் சுத்தமான நெசவு, கொசுவலைபோல. ஓரத்தில் விரலால் தேய்த்தேன். கறுப்புப் படலம் உதிர்ந்து வெள்ளைத் துணி வெளியே வந்தது. ஆறு ஆண்டாகத் தோல் இருக்கை என்று நண்பர்களிடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஏர்பேக் சீட்டும் இருக்கிறது. 1,300 வெள்ளி சொன்னவரிடம் கேட்டேன். நீங்கள் சொன்ன அதே பதிலைச் சொன்னார். காப்பிகூடத் தரவில்லை.

நடுப்பகுதியை அப்படியே விட்டு, உரிந்த பகுதிகளை மட்டும் மாற்ற முடியுமா? நிறம் பொருந்துமா? அந்த நீலச் சாம்பல் நிறம் என்ன, அதுவும் போலியா?

ஊசியும் நூலும்:

போலி இல்லை. குரோமிய உப்பில் பதப்படுத்திய தோல் அப்படித்தான் நீலம் தட்டியிருக்கும். நல்ல அடையாளம்.

தாராளமாகப் பகுதி மாற்றலாம். பழைய துண்டுகளைப் பிரித்து, அவற்றையே மாதிரியாக வைத்து வெட்டித் தைப்போம். அதனால் பழையதைக் கடைக்காரர் குப்பையில் போடும்படி விட்டுவிடாதீர்கள். உங்கள் கார் நிற்கும் இடத்துக்கு வினைல் கேளுங்கள், பாலியூரித்தேன் வேண்டாம். "கையில் பிடித்தால் எது மெத்தென்று இருக்கிறது" என்று பார்த்துத் தேர்ந்தெடுத்தால் மறுபடியும் அதே வகையைத்தான் வாங்கி வருவீர்கள். நிறம் அச்சாகப் பொருந்தாது, நடுத்தோல் வெயிலில் வெளுத்திருக்கும். கறுப்பு என்பதால் தப்பித்தீர்கள். அக்காவின் காராக இருந்தால் ஒட்டுப்போட்ட சட்டைதான்.

இருக்கையைக் கழற்றும்போது அடியில் மஞ்சள் நிற மின்இணைப்பு இருக்கும். அது காற்றுப்பையுடையது. பேட்டரியைக் கழற்றிச் சில நிமிடம் பொறுத்த பிறகுதான் அதில் கைவைக்க வேண்டும். அவசரப்படும் கடையில் காரை விட்டுவிட்டுப் போகாதீர்கள், பக்கத்திலேயே நில்லுங்கள்.

அம்மாவின் புடவையில் இன்னும் செதில் மிச்சமிருந்தால் தண்ணீர் போட்டுத் தேய்க்க வேண்டாம், இஸ்திரியும் போட வேண்டாம். சூடு பட்டால் பட்டில் இளகிப் பிடித்துக்கொள்ளும். ஒட்டும் நாடாவை விரலில் சுற்றி, சரிகையை விட்டுவிட்டு மெதுவாக ஒற்றி எடுங்கள். முதலில் உள்மடிப்பில் ஓர் ஓரத்தில் ஒற்றிப் பார்த்துவிட்டு.