ரோதமுனியைத் தெரியாத ஊர்

கொழும்பில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் ஒருவர் "தம்பிக்குச் சொந்த ஊர் எது?" என்று கேட்டார். "ஹட்டன்" என்றேன். ஹட்டனிலிருந்து ஒரு மணி நேரம் பஸ்ஸில் போய், தேயிலை மலைக்குள் குறுக்குப் பாதையில் ஏறினால் வரும் பணிய லயத்தில், அதாவது கீழ்ப்பக்கத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளில், பிறந்தவன் நான். தோட்டத்தின் பெயர் வாயில் வரவில்லை. அடுத்த பதினோரு ஆண்டுகளும் அதே பதில்தான்.

என் பிறப்புச் சான்றிதழில் இனம் என்ற இடத்தில் 'இந்தியத் தமிழர்' என்று இருக்கிறது. மலையில் கோப்பி பயிரிட்ட காலத்தில் திருச்சிப் பக்கமிருந்து வந்தவர் எங்கள் பூட்டன் என்று அப்பாயி சொல்வார். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தாத்தாவை நாடற்றவராக்கியது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். அதில் தாத்தாவின் தம்பி கப்பலேறினார். தாத்தா லயத்து அறையான காம்பராவிலேயே தங்கிவிட்டார். தம்பி எழுதிய ஒரே கடிதத்தை அப்பாயி தகரப் பெட்டியில் வைத்திருந்தார்.

அந்தக் கடிதத்தில் இருந்த முகவரியைத் தேடித்தான் ஒரு மாசி மாதம் துறையூர்ப் பக்கம் போனேன். என் வேர் அங்கே இருக்கிறது, போய்த் தொட்டுப் பார்த்தால் போதும் என்ற எண்ணம். சின்னத் தாத்தாவின் குடும்பம் எப்போதோ நீலகிரிக்குப் பிழைக்கப் போய்விட்டதாம். அவர்களை ஊரில் 'சிலோன்காரர்' என்றே நினைவு வைத்திருந்தார்கள். அந்தச் சொல் எனக்கு வலித்தது. இங்கே இந்தியர், அங்கே சிலோன்காரர்.

ஊர்க் கோயிலுக்கு அழைத்துப் போனார்கள். கருப்பன், மதுரைவீரன், முனியாண்டி என்று எல்லோரும் எனக்குத் தெரிந்த முகங்கள். மனம் நிறைந்து பூசாரியிடம் கேட்டேன்: "ஐயா, ரோதமுனி எங்கே இருக்கிறார்?"

அவர் இரண்டு முறை திருப்பிக் கேட்டார். "அப்படி ஒரு சாமியை நான் கேள்விப்பட்டதில்லையே, தம்பி."

ரோதை என்றால் தேயிலைத் தொழிற்சாலையின் பெரிய சக்கரம். அதன் பக்கத்தில் வேலை செய்கிறவனின் கையையும் காலையும் காக்கும் முனிதான் ரோதமுனி. தேயிலையே இல்லாத ஊரில் அவருக்கு என்ன வேலை! கவ்வாத்துசாமியும் அப்படித்தான். கவ்வாத்து என்று தேயிலைச் செடியை வெட்டத் தொடங்கும் நாளில் கத்திகளை அவர் முன்னால் அடுக்கி, தேங்காய் உடைத்த பிறகுதான் அப்பா மலைக்கு ஏறுவார்.

திரும்பி வரும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் சனம் கருப்பனையும் காமன் கூத்தையும் தப்பு மேளத்தையும் தூக்கிக்கொண்டு வந்தது என்றுதான் அதுவரை பெருமைப்பட்டிருந்தேன். வந்த இடத்தில், அட்டைக்கடிக்கும் குளிருக்கும் நடுவில், தங்கள் பயத்துக்கும் உழைப்புக்கும் பொருத்தமாகப் புதிய சாமிகளையே பெற்றிருக்கிறார்கள்! இரவல் மண்ணில் ஒருவன் சாமியைப் பெறுவானா? இந்த மலையைத் தன்னுடையதென்று நினைத்தவன்தான் பெற்றிருப்பான். சான்றிதழில் எந்தச் சொல் இருந்தாலும் எனக்கு நான் மலையகத் தமிழன். இப்போது தோட்டத்தின் பெயரைச் சொல்லி, லயத்தையும் சேர்த்தே சொல்கிறேன்.

எங்கள் ரோதமுனி வெறும் கல்தான். தொழிற்சாலைக்குப் பின்னால் மரத்தடியில் இருக்கிறார். போன ஆண்டு மகளைக் கூட்டிப்போய் விளக்கு வைத்தோம். அவருக்குச் சுருட்டும் சாராயமும் வைத்து அப்பா பாடும் பாட்டைப் பதிவு செய்திருக்கிறேன். நடுவில் இரண்டு வரிகள் அப்பாவுக்கு மறந்துவிட்டன. கூடப் பாடியவர்களில் யாரும் உயிரோடு இல்லை. உங்கள் தோட்டத்தில் ரோதமுனிக்குப் பாட்டு உண்டா? வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இன்றைக்கே கேட்டு எழுதுங்கள்.