289 எஞ்சினுக்குப் பதில் 5.0: பழைய பிளெக்ஸ்பிளேட்டையே மாட்டலாமா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் உள்ள 1967 ஃபோர்டு மஸ்டாங்கின் 289 (கன அங்குல) எஞ்சின் பிளாக்கில் விரிசல் கண்டுவிட்டதால், 1990ஆம் ஆண்டு மஸ்டாங்கிலிருந்து கழற்றிய 5.0 (லிட்டர்) எஞ்சின் ஒன்றை வாங்கியிருக்கிறேன். சி4 ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் நல்ல நிலையில் இருப்பதால் அதை மாற்றும் எண்ணம் இல்லை. இரண்டும் ஒரே குடும்பத்து எஞ்சின்கள் என்பதால் பெல்ஹவுசிங் (கியர்பாக்ஸை எஞ்சினோடு இணைக்கும் உறை) துளைகள் அப்படியே பொருந்துகின்றன. 289இன் பிளெக்ஸ்பிளேட்டும் (கிராங்க்ஷாஃப்ட்டின் பின்முனையில் மாட்டும் பல் வட்டு) புதிய கிராங்க்ஷாஃப்ட்டின் ஆறு போல்ட்டுகளில் சிக்கலின்றி உட்கார்ந்துவிட்டது. முன்பக்கத்தில்தான் தொல்லை. என் பழைய கிராங்க் புல்லிக்கு மூன்று போல்ட், 5.0இன் ஹார்மானிக் பேலன்சரிலோ (கிராங்க்ஷாஃப்ட்டின் முன்முனையில் அதிர்வைத் தணிக்கும் சக்கரம்) நான்கு துளைகள் உள்ளன. முன்னும் பின்னும் ஒரே எஞ்சினின் பாகங்களாக இருந்தால் சமநிலை கெடாது, ஆகவே 289இன் பேலன்சரையும் சேர்த்தே மாட்டிவிடுங்கள் என்று எஞ்சினை விற்றவர் சொல்கிறார். இது சரிதானா?

பதில் 1

தயவுசெய்து அப்படி மாட்ட வேண்டாம். போல்ட் பொருந்துவது வேறு, எடை பொருந்துவது வேறு.

இந்த எஞ்சின் குடும்பத்தில் கிராங்க்ஷாஃப்ட்டின் எதிர் எடைகள் மட்டும் பிஸ்டனையும் கனெக்டிங் ராடையும் ஈடுகட்டப் போதாது என்பதால், மீதி எடையை முன்பக்கம் பேலன்சரிலும் பின்பக்கம் பிளைவீல் அல்லது பிளெக்ஸ்பிளேட்டிலும் வெளியே வைத்திருக்கிறார்கள். 289க்கும் பழைய 302க்கும் (5.0இன் முந்தைய வடிவம்) அந்த அளவு 28 அவுன்ஸ்-அங்குலம், அதாவது எடையை மையத்திலிருந்து அது இருக்கும் தூரத்தால் பெருக்கிய அளவு. 1980களின் தொடக்கத்தில் ஃபோர்டு கிராங்க்ஷாஃப்ட்டை மாற்றியபோது அது 50 ஆகிவிட்டது. 50 கேட்கும் கிராங்க்ஷாஃப்ட்டுக்கு நீங்கள் முன்னும் பின்னும் 28 கொடுத்தால், இரண்டு முனைகளிலும் 22 குறைகிறது. இரண்டு தவறுகள் ஒன்றையொன்று ஈடுகட்டும் என்பதுதான் விற்றவரின் கணக்கு போலும். ஆனால் அந்த எடைகள் எதிரெதிர்த் திசையில் அமைந்தவை. இரண்டும் சமமாகக் குறையும்போது எஞ்சின் முன்முனையும் பின்முனையும் மாறி மாறி ஆட்டம் போடும்.

22 அவுன்ஸ்-அங்குலம் என்பது காதில் விழும்போது அற்பமாகத்தான் தெரியும். ஆனால் நிமிடத்துக்கு 3,000 சுற்றில் அது ஒவ்வொரு முனையிலும் ஏறத்தாழ 160 கிலோ எடைக்குச் சமமான விசையாகச் சுழலும். விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால் 6,000 சுற்றில் 640 கிலோவைத் தொடும். அதை மெயின் பேரிங்கும் கியர்பாக்ஸின் முன் பம்ப் புஷ்ஷும்தான் தாங்க வேண்டியிருக்கும்.

பிளெக்ஸ்பிளேட்டைப் பொறுத்தவரை, எடையை எஞ்சினைப் பார்த்தும், பற்களின் எண்ணிக்கையையும் கன்வெர்ட்டர் (எஞ்சினின் சுழற்சியைத் திரவம் வழியே கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) போல்ட் வட்டத்தையும் கியர்பாக்ஸைப் பார்த்தும் தேர்ந்தெடுக்க வேண்டும். உங்கள் சி4க்குப் பெரும்பாலும் 157 பல் பிளேட்தான் வரும். இருந்தாலும் பழையதில் பற்களை எண்ணிப் பார்த்துவிட்டு, அதே அளவில் 50 அவுன்ஸ் எடை வைத்த பிளேட்டை வாங்குங்கள். 164 பல் பிளேட் உங்கள் பெல்ஹவுசிங்குக்குள் அடங்காது.

பதில் 2

மேலே சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். ஒன்றை மட்டும் சேர்க்க வேண்டும். 1990ஆம் ஆண்டு எஞ்சின் என்பதாலேயே உள்ளே இருப்பது 50 அவுன்ஸ் கிராங்க்ஷாஃப்ட்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. இந்த 5.0 பிளாக்குகளில் பல, 347 கன அங்குலமாகப் பெருக்கப்பட்டவை. அதற்கு விற்கப்படும் கிராங்க்ஷாஃப்ட்டுகளில் 28 அவுன்ஸும் உண்டு, 50 அவுன்ஸும் உண்டு. எண்ணெய்த் தொட்டி எப்படியும் கழன்றுதான் ஆக வேண்டும், ஏனெனில் 1990 மஸ்டாங்கின் இரட்டைத் தொட்டி உங்கள் காரின் முன் குறுக்குச் சட்டத்துக்கு ஒத்துவராது. அப்போது கிராங்க்ஷாஃப்ட் ஃபோர்டின் அசல் வார்ப்புதானா என்று பார்த்துவிடுங்கள்.

5.0உடன் வந்த பேலன்சரை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். நடு மையத்துக்கும் வெளிவளையத்துக்கும் இடையே உள்ள ரப்பர் வெடித்துப் பிதுங்கியிருந்தால், வளையம் நழுவி டைமிங் குறியும் இடம் மாறியிருக்கும். முப்பது ஆண்டைத் தாண்டிய ரப்பரை நான் நம்புவதில்லை. மூன்று, நான்கு என இரு வகைத் துளைகளும் கொண்ட 50 அவுன்ஸ் பேலன்சர்கள் சந்தையில் கிடைக்கின்றன. உங்கள் புல்லிச் சிக்கலும் அதிலேயே தீரும்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. பற்களை எண்ணினேன், 157தான். எல்லாவற்றையும் சரியாக மாட்டிய பின்னும் அதிர்வு வந்தால், அது எஞ்சினா கியர்பாக்ஸா என்று எப்படிப் பிரித்தறிவது?

பதில் 3

காரை நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, மெல்லச் சுற்றை ஏற்றுங்கள். ஐட்லிங்கில் உதறிவிட்டு மேலே போகப் போக அடங்கினால் அது சமநிலைக் குறை அல்ல, ஏதோ ஒரு சிலிண்டர் சரியாக எரியவில்லை. உங்கள் விஷயத்தில் இதற்கு வாய்ப்பு அதிகம், ஏனென்றால் 289இன் எரியும் வரிசை 1-5-4-2-6-3-7-8, 1990 5.0இன் வரிசை 1-3-7-2-6-5-4-8. பழைய பழக்கத்தில் வயர் மாட்டினால் எஞ்சின் குலுங்கத்தான் செய்யும். மாறாக, சுற்று ஏற ஏற அதிர்வும் ஏறினால், கன்வெர்ட்டரின் நட்டுகளைக் கழற்றி அதைப் பின்னால் தள்ளிக் கட்டிவிட்டுச் சில நொடிகள் மட்டும் எஞ்சினை ஓடவிடுங்கள். அதிர்வு மறைந்தால் குறை கன்வெர்ட்டரில். மறையாவிட்டால் பிளெக்ஸ்பிளேட், பேலன்சர் அல்லது கிராங்க்ஷாஃப்ட்டில். நின்ற நிலையில் அமைதியாக இருந்து, ஓடும்போது மட்டும் வந்தால் டிரைவ் ஷாஃப்ட்டைப் பாருங்கள்.

கன்வெர்ட்டரை மாட்டும்போது, அது பம்ப்புக்குள் முழுவதும் இறங்கும்வரை சுழற்றிச் சுழற்றித் தள்ளுங்கள். எஞ்சினும் பெல்ஹவுசிங்கும் கைவிசையிலேயே ஒட்ட வேண்டும். அதன் பிறகும் கன்வெர்ட்டர் கையால் தாராளமாகச் சுழல வேண்டும். இடைவெளியைப் போல்ட்டை முறுக்கி மூட முயன்றால் முன் பம்ப் உடைந்துவிடும், அதற்குப் பிறகு அந்த நல்ல சி4ஐ முழுதாகப் பிரிக்க வேண்டியதுதான்.